கட்டுப்பாடுள்ள அலுவலகக் கணினியில் எக்செல் தரவைச் சிதையாமல் கையாளுவது எப்படி?

அரசு அலுவலகம், கூட்டுறவு வங்கி, பள்ளி, தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு என எங்கு போனாலும் பணிக்கணினியின் நிலை இன்று ஏறத்தாழ ஒன்றுதான். புதிய மென்பொருள் நிறுவ அட்மின் அனுமதி வேண்டும், பென்டிரைவ் செருகினால் ஏற்காது, மேக்ரோ ஓடாது, கமாண்ட் பிராம்ப்ட் திறக்காது. வேலை மட்டும் குறைவதில்லை. ஏதோ ஒரு மென்பொருளிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து, சரிபார்த்து, திருத்தி, வேறொரு இணையவாயிலில் ஏற்ற வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் கணக்கு எண்ணின் முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் மறைகின்றன, ஆதார் எண் அடையாளம் தெரியாத வடிவுக்கு மாறுகிறது, தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகின்றன. இவற்றைச் சரிசெய்யத் தனி மென்பொருளோ நிரல் எழுதத் தெரிந்த ஆளோ வேண்டும் என்று பலர் எண்ணிக்கொண்டு, மணிக்கணக்கில் கையால் திருத்துகிறார்கள். உண்மையில் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை எக்செலுக்குள்ளும் நோட்பேடிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த அட்மின் அனுமதி தேவைப்படுவதில்லை.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். கட்டுப்பாடுகளை உடைக்கும் வழிகள் இங்கே இல்லை. கோப்பைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பி வீட்டுக் கணினியில் திருத்துவதும், ‘இலவசமாக மாற்றித் தரும்’ இணையதளம் ஒன்றில் ஏற்றி மாற்றிக்கொள்வதும் அலுவலகங்களில் சாதாரணமாக நடக்கின்றன. அந்தக் கோப்பில் மற்றவர்களின் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் இருக்கும் என்பதையும், தனிநபர் டிஜிட்டல் தரவுகளைப் பாதுகாக்க இந்தியாவில் 2023 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது என்பதையும் நினைத்துப் பார்த்தால், பத்து நிமிட வேலையை மிச்சப்படுத்த அந்த வழியில் போவது எந்த வகையிலும் கட்டுப்படியாகாது.

சேதம் எங்கே நடக்கிறது?

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. அதில் மதிப்புகளும் அவற்றுக்கிடையே காற்புள்ளிகளும் மட்டுமே இருக்கும். எது எண், எது தேதி, எது பெயர் என்ற குறிப்பு எதுவும் இராது. கோப்பின் மீது இருமுறை கிளிக் செய்து திறக்கும்போது எக்செல் ஒவ்வொரு மதிப்பையும் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வருகிறது. 00457 என்று இருந்தால் அது எண் என்று தீர்மானித்து 457 ஆக்கிக்கொள்கிறது. 12/3 என்று இருந்தால், நம் நாட்டு அமைப்பில் அதை மார்ச் 12 என்று எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் கதவு எண்ணும் நிலத்தின் புல எண்ணும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன என்பதால், முகவரிப் பட்டியலிலும் பட்டா பட்டியலிலும் இந்தப் பிழை அடிக்கடி தலைகாட்டும். பள்ளிகளுக்கு வேறொரு தொல்லை உண்டு: வகுப்பும் பிரிவும் சேர்த்து எட்டு, ஓர் இடைவெளி, ஆங்கில ஏ எழுத்து என்று ஒரு கட்டத்தில் தட்டிப் பாருங்கள், காலை 8 மணி என்று மாறி நிற்கும்.

இது நம் ஊர் எழுத்தர்களின் தொல்லை மட்டும் அன்று. மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் எக்செலில் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு 2020 இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியது. ஒரு மென்பொருளின் ஊகத்துக்கு அறிவியல் பெயர்களே இடம்கொடுத்து ஒதுங்கிய கதை அது.

நீண்ட எண்களின் நிலை இன்னும் மோசமானது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். அதற்கு மேற்பட்ட இலக்கங்களைப் பூஜ்ஜியமாக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண் 4567 1234 5678 9013 என்று இருந்தால், எண்ணாக உள்ளே போனதும் கடைசி 3 போய் 0 வந்துவிடும். இதைப் பிறகு எந்த வடிவமைப்பாலும் மீட்க முடியாது, ஏனெனில் அந்த 3 இப்போது கோப்பில் எங்குமே இல்லை.

12 இலக்க எண்களில் நடப்பது வேறு. இது கவனித்துப் பார்க்க வேண்டிய இடம். எக்செலின் இயல்பு வடிவமான ‘ஜெனரல்’ வடிவில் உள்ள கட்டம் 11 இலக்கங்கள் வரைதான் முழுதாகக் காட்டும். எனவே 12 இலக்கமுள்ள ஆதார் எண்ணும், 91 என்ற நாட்டுக் குறியீட்டோடு எழுதிய கைப்பேசி எண்ணும் 2.34568 என்பது போலத் தொடங்கி, நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு +11 என்று முடியும் அறிவியல் குறியீட்டில் தெரியும். கட்டத்தின் மீது நின்று மேலே ஃபார்முலா பட்டியைப் பார்த்தால் முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் எழுதுவது கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை. உள்ளே இருக்கும் மதிப்பை அது எழுதுவதில்லை. எனவே கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று எக்செல் கேட்க, பழக்கத்தில் கை ஆமாம் என்று அழுத்திவிட்டால், அந்த நொடியில் பட்டியலில் உள்ள எல்லா ஆதார் எண்களும் முதல் ஆறு இலக்கங்களைத் தவிர மற்றவற்றை நிரந்தரமாக இழக்கின்றன.

ஆகவே இறக்கிய மூலக் கோப்பை ‘மூலம்’ என்று ஒரு தனிக் கோப்புறையில் போட்டு, வலது கிளிக்கில் ப்ராப்பர்டீஸ் சென்று ‘ரீட்-ஒன்லி’ என்பதைக் குறித்து வையுங்கள். அதை ஒருபோதும் இருமுறை கிளிக் செய்து திறக்காதீர்கள். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் நோட்பேடில் பாருங்கள். நோட்பேடுக்கு ஊகிக்கும் பழக்கம் கிடையாது.

பவர் குவெரி வழியாக உள்ளே கொண்டுவருதல்

வெளியே உள்ள தரவை எக்செலுக்குள் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தும் கருவியான பவர் குவெரி, எக்செல் 2016 முதல் உள்ளேயே அமைந்திருக்கிறது. 2010, 2013 பதிப்புகளுக்கு அதைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதால் பூட்டிய கணினியில் அது நடக்காது. அந்தப் பதிப்புகள் உள்ளவர்களுக்கான வழி பின்னால் வருகிறது.

முதலில் புதிய, வெற்று எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். டேட்டா பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ என்பதை அழுத்தி மூலக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரு முன்னோட்டச் சாளரம் வரும். அதன் மேற்பகுதியில் மூன்று தேர்வுகள் இருக்கும். கோப்பின் எழுத்துக் குறியீடு என்ற முதல் தேர்வில் ‘65001: யூனிகோட் (யூடிஎஃப்-8)’ என்பதை வையுங்கள், தமிழ் சரியாகத் தெரிகிறதா என்பதை முன்னோட்டத்திலேயே பார்த்துவிடலாம். இரண்டாவது, பிரிப்புக் குறி, பெரும்பாலும் காற்புள்ளி. மூன்றாவதுதான் முக்கியமானது. ‘டேட்டா டைப் டிடெக்‌ஷன்’ என்ற அந்த இடத்தில் முதல் 200 வரிசைகளைப் பார்த்து முடிவெடுக்கும் தேர்வே இயல்பாக அமைந்திருக்கும். முதல் 200 வரிசைகளில் புல எண் வெறும் எண்ணாக இருந்து, அதற்குப் பின் ஏதோ ஒரு வரிசையில் உட்பிரிவு எழுத்தோடு வந்தால், அந்தக் கட்டம் ‘எரர்’ என்று நிற்கும். அதனால் ‘டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதையும் ஊகிக்காதே என்று எக்செலுக்குச் சொல்வதற்கு உள்ள நேரான வழி இதுதான்.

பிறகு ‘லோட்’ என்பதை அழுத்தாமல் ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ என்பதை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் தலைப்புகள் முதல் வரிசையாக இருந்தால் ‘யூஸ் ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் ஹெடர்ஸ்’ என்பதை அழுத்துங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: தலைப்பை உயர்த்தியதும் பவர் குவெரி தன்னிச்சையாக ‘சேஞ்ச்ட் டைப்’ என்ற படி ஒன்றைச் சேர்த்துவிடக்கூடும். வலப்புறம் உள்ள படிகளின் பட்டியலில் அது தெரிந்தால், அதன் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிடுங்கள். போன பூஜ்ஜியங்கள் அப்போதே திரும்பி வந்துவிடும், ஏனெனில் பவர் குவெரி மூலக் கோப்பைத் தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் படிகளை முதலிலிருந்து ஓட்டிக் காட்டுகிறது.

இப்போது எல்லா நெடுவரிசைகளும் எழுத்தாக இருக்கின்றன. கூட்டிக் கழிக்க வேண்டியவற்றை மட்டும் எண்ணாக்குங்கள்: தொகை, அளவு, நாட்கள் போன்றவை. கணக்கு எண், ஆதார் எண், அஞ்சல் குறியீடு, கைப்பேசி எண், பணியாளர் எண், பொருள் குறியீடு ஆகிய எவற்றையும் யாரும் கூட்டப் போவதில்லை. அவை எழுத்தாகவே இருக்கட்டும். தேதி நெடுவரிசைக்கு மட்டும் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து, ‘சேஞ்ச் டைப்’ என்பதில் ‘யூசிங் லொக்கேல்’ என்பதைத் தேர்ந்து, வகை தேதி, மொழி ‘இங்கிலிஷ் (இந்தியா)’ என்று வையுங்கள். கணினியின் வட்டார அமைப்பு எதுவாக இருந்தாலும் இனி நாள் முன்னும் மாதம் பின்னுமாகவே அது படிக்கும். இறுதியில் ‘க்ளோஸ் அண்ட் லோட்’.

அடுத்த மாதக் கோப்பு வரும்போது பழைய கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, புதியதை அதே பெயரில் அதே இடத்தில் வைத்து, ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தினால் போதும். மேக்ரோ இல்லாமலேயே மேக்ரோ செய்யும் வேலையில் பாதி இதில் முடிந்துவிடுகிறது. பூட்டிய கணினியில் பணிபுரிபவர் ஒரே ஒரு கருவியைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், பவர் குவெரியைத்தான் நான் சொல்வேன்.

பழைய பதிப்பு உள்ளவர்களுக்கு

பழைய எக்செலில் டேட்டா பட்டியில் உள்ள ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ மூன்று படிகள் கொண்ட ஒரு வழிகாட்டியைத் திறக்கும். முதல் படியில் 65001, இரண்டாவதில் காற்புள்ளி, மூன்றாவதில் ஒவ்வொரு நெடுவரிசையாகத் தேர்ந்து ‘டெக்ஸ்ட்’ அல்லது நாள்-மாதம்-ஆண்டு வரிசையிலான தேதி என்று குறிக்க வேண்டும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி நெடுவரிசை வரை தேர்ந்து ஒரே அடியில் ‘டெக்ஸ்ட்’ ஆக்கலாம். கோப்பின் பெயர் நீட்டிப்பை மாற்ற முடிந்தால், சிஎஸ்வி என்பதை டிஎக்ஸ்டி என்று மாற்றி, எக்செலுக்குள்ளிருந்து ‘ஓப்பன்’ மூலம் திறந்தாலும் இதே வழிகாட்டி வரும். சிஎஸ்வி என்று இருக்கும்வரை வராது.

அதுவும் முடியாத இடத்தில், வெற்றுத் தாளின் எல்லாக் கட்டங்களையும் முதலில் ‘டெக்ஸ்ட்’ வடிவுக்கு மாற்றிவிட்டு, நோட்பேடிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழும். ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ கொண்டு பிரித்து, அதன் மூன்றாம் படியில் மேற்சொன்னபடி வகைகளைக் குறியுங்கள். இந்தக் கருவி கடைசியாகக் கொடுத்த பிரிப்புக் குறியை எக்செலை மூடும்வரை நினைவில் வைத்திருக்கும் என்பதால், அதே அமர்வில் காற்புள்ளியுள்ள முகவரி எதையாவது ஒட்டினால் அதுவும் தானாகப் பிரிந்து போகும்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு 2023 முதல் இன்னொரு வசதி கிடைத்திருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் ‘ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்’ என்ற பகுதி இருக்கும். முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை நீக்குவது, நீண்ட எண்களை 15 இலக்கத்தோடு நிறுத்துவது, எழுத்தும் எண்ணும் கலந்தவற்றைத் தேதியாக்குவது ஆகியவற்றை அங்கே ஒவ்வொன்றாக அணைக்கலாம். இது பயனரின் சொந்த அமைப்பு என்பதால் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்காது.

லிப்ரேஆஃபிஸ் உள்ள அலுவலகங்களில் இத்தனை சுற்று தேவையில்லை. அதன் கால்க் செயலி சிஎஸ்வியைத் திறக்கும்போதே எழுத்துக் குறியீட்டையும் நெடுவரிசை வகைகளையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். இந்த ஒரு விஷயத்தில் எக்செலைவிட அது நாகரிகமாக நடந்துகொள்கிறது.

ஏற்கெனவே சிதைந்துவிட்டால்

முதலில் மூலத்தை மறுபடி இறக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் திருத்தத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மூலம் இல்லை என்றால், பூஜ்ஜியம் போன எண்களை நீளம் நிலையானதாக இருந்தால் மட்டுமே மீட்க முடியும். எல்லாப் பணியாளர் எண்களும் 8 இலக்கம் என்று உறுதியாகத் தெரிந்தால், கஸ்டம் வடிவத்தில் 00000000 என்று கொடுங்கள். சிஎஸ்வியில் கண்ணுக்குத் தெரிவதே எழுதப்படும் என்பது இங்கே நமக்குச் சாதகமாகிறது, பூஜ்ஜியங்களோடு சேமிக்கப்படும். நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும் எண்ணாக இருந்தால் ஊகித்து நிரப்பாதீர்கள்.

தேதியாகிவிட்ட கதவு எண்ணை ‘டெக்ஸ்ட்’ வடிவுக்கு மாற்றினால் 45363 போன்ற ஓர் எண் வந்து திகைக்க வைக்கும். அது 12-03-2024 என்ற தேதியின் வரிசை எண். 12/3 என்று தட்டியபோது ஆண்டு கொடுக்காததால், தட்டிய ஆண்டையே எக்செல் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ‘டெக்ஸ்ட்’ ஃபார்முலாவில் நாள்/மாதம் என்ற வடிவத்தைக் கொடுத்தால் 12/3 திரும்பக் கிடைக்கும். மூலத்தில் அது 12-3 என்று இருந்ததா 12/03 என்று இருந்ததா என்பது மட்டும் திரும்பாது.

தேதி நெடுவரிசை குழம்பியிருக்கிறதா என்று கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால், 05/08/2024 என்ற ஆகஸ்ட் 5 மே 8 ஆக மாறி, கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். 25/08/2024 என்பதில் 25 ஆம் மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் எழுத்தாகவே இடப்பக்கம் நிறுத்தும். ஒரே நெடுவரிசையில் சில வலமும் சில இடமுமாக நின்றால், இடப்பக்கம் நிற்பவை சரியானவை. வலப்பக்கம் ஒழுங்காகத் தெரிபவைதான் கெட்டுப்போனவை. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நல்லவற்றைத் திருத்தக் கிளம்புகிறார்கள். இதற்கு மறு இறக்கமே சரியான தீர்வு.

பொருந்தாத பெயர்களும் பொருந்திவிடும் எண்களும்

இரண்டு பட்டியல்களை, ஒன்றின் மதிப்பை மற்றதில் தேடும் விலுக்அப் ஃபார்முலா கொண்டு ஒப்பிடும்போது, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டங்கள் பொருந்தாமல் போவது வழக்கம். ஒன்றில் எண் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருப்பது முதல் காரணம். இரண்டையும் எழுத்தாக்குவதே பாதுகாப்பு. ஒன்றால் பெருக்கி எண்ணாக்கும் பழைய உத்தியை நீண்ட எண்களில் செய்தால் 15 இலக்கச் சிக்கலில் மறுபடி போய் விழுவீர்கள்.

இரண்டாவது காரணம், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தரவோடு கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. சாதாரண இடைவெளியின் குறியீட்டு எண் 32. இதன் எண் 160. ட்ரிம் ஃபார்முலா 32 ஐ மட்டுமே நீக்கும். லென் ஃபார்முலா கொண்டு நீளத்தைப் பார்த்தால், ஐந்து எழுத்து இருக்க வேண்டிய குறியீட்டுக்கு ஆறு என்று காட்டிக் கொடுத்துவிடும். கன்ட்ரோல் விசையோடு ஹெச் அழுத்தி, தேடும் பெட்டியில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 0160 தட்டி, மாற்றுப் பெட்டியை வெறுமையாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றுங்கள். பூஜ்ஜியத்தில் தொடங்கும் குறியீடுகள் உள்ள நெடுவரிசையை அதற்கு முன்பே ‘டெக்ஸ்ட்’ வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் மாற்றிய கையோடு எக்செல் அவற்றை எண்ணாக்கிப் பூஜ்ஜியத்தையும் எடுத்துவிடும். மடிக்கணினியில் எண்பலகை இல்லை என்றால், அந்த இடைவெளியை ஒரு கட்டத்திலிருந்தே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டலாம்.

தமிழ்ப் பெயர்களில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஔவை என்று ஒருவர் ஒரே எழுத்தாகத் தட்டியிருப்பார். மற்றொருவர் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாக ஒளவை என்று தட்டியிருப்பார். பல எழுத்துருக்களில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். எக்செலுக்கு அவை வேறு வேறு பெயர்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலை மிகச் சிலரே கவனிக்கிறார்கள். 16 இலக்கக் கணக்கு எண்களை ஒழுங்காக எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்த பிறகும், இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று கவுண்ட்இஃப் கொண்டு எண்ணினால், அந்த ஃபார்முலா எழுத்தையும் எண்ணாக நினைத்தே ஒப்பிடும். விளைவாக, முதல் 15 இலக்கங்கள் ஒன்றாகவும் கடைசி இலக்கம் மட்டும் வேறாகவும் உள்ள இரண்டு கணக்குகள் ஒன்றே என்று சொல்லிவிடும். ஒரே கிளையில் அடுத்தடுத்துத் திறந்த கணக்குகளில் இப்படித்தான் எண்கள் அமையும். அதை நம்பி ஒரு பயனாளியின் பெயரை இரட்டைப் பதிவு என்று நீக்கினால் அவருக்குப் பணம் போகாது. தேடும் மதிப்போடு & குறியிட்டு "*" என்பதைச் சேர்த்துக் கொடுத்தால் கவுண்ட்இஃப் எழுத்தாகவே ஒப்பிடும்; சம்ப்ராடக்ட் ஃபார்முலாவில் நேரடிச் சமன் குறி கொண்டு எண்ணினாலும் சரியான விடை கிடைக்கும்.

தமிழ் எழுத்துகள்

யூடிஎஃப்-8 சிஎஸ்வியை இருமுறை கிளிக் செய்து திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியக் காரணம், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளம் இல்லாததுதான். கோப்பை நோட்பேடில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ சாளரத்தின் கீழே ‘யூடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்பதைத் தேர்ந்து வேறு பெயரில் சேமித்தால் எக்செல் சரியாகப் படிக்கும். அதாவது எழுத்துச் சிக்கல் தீரும். பூஜ்ஜியச் சிக்கல் அப்படியே இருக்கும்.

எக்செலிலிருந்து சேமிக்கும்போது சிஎஸ்வி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் பட்டியலில் இருக்கும். ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதையே எடுங்கள். வெறும் ‘சிஎஸ்வி’ என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக எழுதப்படும். அதை எவராலும் மீட்க முடியாது.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பட்டியல்கள் இன்னும் அலுவலகங்களில் புழங்குகின்றன. தமிழ்நாடு அரசு 2010 இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டாலும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளின் கலவையாகத் தெரியும். இதற்கு இணையத்தில் மாற்றிகள் ஏராளம் உண்டு. பெயர்ப் பட்டியலை அங்கே ஒட்டாமல், இணையம் இன்றி இயங்கும் மாற்றி ஒன்றை நிறுவித் தருமாறு ஐ.டி. பிரிவிடம் கேட்பதே முறை.

தொகையும் வரிசைகளின் எண்ணிக்கையும்

வட்டார அமைப்பு பூட்டப்பட்டு, லட்சம் கோடி முறையில் காற்புள்ளி வராவிட்டால், கஸ்டம் வடிவத்தில் இதை ஒட்டுங்கள்: [>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0. கழித்தல் தொகைகளுக்கு இது பொருந்தாது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். காற்புள்ளி தெரியும் நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால் தொகை மேற்கோள் குறிகளுக்குள் காற்புள்ளிகளோடு எழுதப்படும். பல இணையவாயில்கள் அதை ஏற்பதில்லை. எனவே சேமிக்கும் முன் தொகை நெடுவரிசையைக் காற்புள்ளி இல்லாத, இரண்டு பதின்மம் உள்ள எண் வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு தாளில் 10,48,576 வரிசைகள்தான் இருக்க முடியும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் 65,536 தான். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வராமல் போனதற்கு, பொதுச் சுகாதார அமைப்பு அந்தப் பழைய வடிவைப் பயன்படுத்தியதே காரணம். எல்லை தாண்டிய வரிசைகள் விடுபட்டுப் போயின. உங்கள் எக்செல் சாளரத்தின் தலைப்பில் ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ என்று தெரிந்தால் நீங்களும் அந்தப் பழைய வடிவில்தான் இருக்கிறீர்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோப்பானால், பவர் குவெரியிலேயே வேண்டிய மாதத்தையோ கிளையையோ வடிகட்டிவிட்டு மீதியை மட்டும் தாளில் இறக்கலாம்.

ஏற்றும் முன் சரிபார்த்தல்

சேமித்த சிஎஸ்வி சரியா என்று பார்க்க அதை எக்செலிலேயே மறுபடி திறப்பது வீண். எக்செல் மறுபடி ஊகித்துத்தான் காட்டும், நல்ல கோப்பும் கெட்டதாகத் தெரியும். நோட்பேடில் திறந்து மூன்றைப் பாருங்கள். கணக்கு எண்களின் முன் பூஜ்ஜியம் இருக்கிறதா, தேதி இணையவாயில் கேட்கும் வடிவில் இருக்கிறதா, எங்காவது +11 என்று முடியும் எண் இருக்கிறதா. பிறகு கன்ட்ரோல் விசையோடு எண்ட் அழுத்திக் கடைசி வரிக்குப் போனால், கீழே உள்ள பட்டையில் வரி எண் தெரியும். தலைப்பு வரியையும், கடைசியில் உள்ள வெற்று வரியையும் கழித்தால் அது மூலக் கோப்பின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். முகவரிக்குள் என்டர் அழுத்தப்பட்டிருந்தால் மட்டும் எண்ணிக்கை கூடும். தொகை நெடுவரிசையின் மொத்தத்தை மூல மென்பொருளின் அறிக்கை மொத்தத்தோடு பைசா வரை ஒப்பிடுங்கள். இணையவாயில் முதல் தலைப்பையே ஏற்க மறுத்தால் பெரும்பாலும் பிஓஎம் தான் காரணம். நோட்பேடில் வெறும் ‘யூடிஎஃப்-8’ என்று மறுபடி சேமித்தால் அது நீங்கிவிடும்.

ஐ.டி. பிரிவிடம் கேட்க வேண்டியது

எக்செல் சரியில்லை என்று ஐ.டி. பிரிவுக்கு எழுதினால் கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார்கள். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். மூல மென்பொருளின் அறிக்கையைச் சிஎஸ்விக்குப் பதிலாக எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில், கணக்கு எண்ணும் அடையாள எண்ணும் எழுத்து வகையில் இருக்குமாறு தர முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாது என்றால், சிஎஸ்வியைப் பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8 ஆகவும், தேதியை 2024-08-05 என்று ஆண்டு முன்னால் வரும் வடிவிலும் தரக் கேளுங்கள். அந்த வடிவத்தில் நாளும் மாதமும் இடம் மாற வழியில்லை. சில மென்பொருள்கள் ="00457" என்று எழுதிப் பூஜ்ஜியத்தைக் காப்பாற்றும். எக்செலில் பார்க்க மட்டும் என்றால் அது நன்று. அதே கோப்பை வேறொரு வாயிலில் ஏற்றுவதாக இருந்தால் அந்தக் குறிகளும் சேர்ந்து போய் நிராகரிக்கப்படும் என்பதால், உங்கள் தேவை எது என்பதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். சிதைந்த ஒரு வரியை, அடையாள விவரங்களை மாற்றிவிட்டு, மூலத்தில் எப்படி இருந்தது, திறந்தபின் எப்படி ஆனது என்று பக்கத்தில் பக்கமாக இணைத்து அனுப்பினால் பதில் விரைவாக வரும்.